கால் போடும் பிரேக்

மலைக்கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போது வாங்காது. திருச்சி மலைக்கோட்டையிலோ பழனியிலோ உச்சிக்கு வந்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறவர்கள், "ஏறியாச்சு, இனி இறக்கம்தானே" என்று நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கலாம். மறுநாள் காலையில்தான் சேதி தெரியும். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. தொடையின் முன்பக்கம் தொட்டாலே நோகும். அந்த வலிக்கு ஏற்றத்தைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் அதை உண்டாக்கியது பெரும்பாலும் இறக்கம்தான்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி, முழங்காலை நிமிர்த்தி, உடம்பை ஒரு படி மேலே தூக்குகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. இறங்கும்போதும் அதே தசைதான் உழைக்கிறது, ஆனால் வேறு மாதிரி. கீழ்ப்படிக்குப் போகும் உடம்பு தடாலென்று விழாமலிருக்க முழங்கால் மெல்ல மடங்கவேண்டும். அதற்காக அந்தத் தசை விறைத்து இழுத்தபடியே நீண்டுகொடுக்கிறது. தூர் வாருகிறவரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும்போது மேலே நிற்பவர் செய்வது இதைத்தான்: கயிற்றை அவர் இழுப்பதில்லை, பிடியைத் தளர்த்தவும் முடியாது, இறுகப் பிடித்தபடியே சாண் சாணாக விட்டுக்கொடுக்கிறார்.

விட்டுக்கொடுத்துப் பிடிக்கும் இந்த வேலை தசைக்கு மலிவு. 1952-ல் லண்டனில் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். அதனால் மற்றவருடைய பெடல்கள் பின்னோக்கிச் சுழலும். அவர் அதைத் தடுத்து அழுத்திக்கொண்டிருப்பார். இருவர் காலிலும் விசை ஒன்று, வேகமும் ஒன்று. ஆனால் மிதித்தவர் செலவழித்த ஆக்சிஜன், தடுத்தவருடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெடல் வேகமாகச் சுழன்றபோது அது ஐந்து மடங்கு வரை போனது. இதை ராயல் சொசைட்டியில் எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டியபோது, மிதித்தவர் ஓர் ஆண், தடுத்தவர் சிறிய உடல்வாகுள்ள ஒரு பெண். சீக்கிரம் களைத்துப்போனது ஆண்தான்.

மலிவுதான், ஆனால் சேதாரம் உண்டு. இழுத்தபடியே நீளும் தசையிழைகளில், அந்த வேலைக்குப் பழகாதவர்களுக்கு, நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று ஜிம்களில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அமிலம் உழைப்பு நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

மலையை விட்டுச் சமதரைக்கு வருவோம். மெரினா நடைபாதையில் ஒருவர் ஒரே சீராக நடந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் போனபின் அவர் இருக்கும் உயரம் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. இயற்பியல் கணக்குப்படி அவர் உடம்பு எந்த ஆற்றலையும் சேர்த்து வைக்கவில்லை. அந்த வேகத்தில் காற்றின் தடையும் சொற்பம். அப்படியானால் தசைகள் தள்ளிக்கொடுத்த ஆற்றல் எங்கே போயிற்று? ஏறக்குறைய அத்தனையையும் அதே உடம்பு, பெரும்பாலும் அதே கால்களின் தசைகள், பிடித்து நிறுத்திக் கரைத்துவிட்டிருக்கின்றன. நடை என்றதும் தரையை உந்தித் தள்ளுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. கணக்கின் மறுபாதி பிடிப்பதும் தாங்குவதும். எந்தத் தசை எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது, யாரிடம் ஒப்படைத்துவிட்டு விடுகிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது.

ஒரு குதிகால் தரையைத் தொடுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை சாதாரண நடையில் ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதில் 60 சதவீத நேரம் அந்தப் பாதம் தரையில் இருக்கிறது, 40 சதவீதம் காற்றில். இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் கணம் இரண்டு முறை வரும். ஓட்டத்தில் அது வரவே வராது.

குதிகால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிரேக் விழுந்துவிடுகிறது. வீசிய காலின் கீழ்ப்பகுதி வேகமாக முன்னே வந்துகொண்டிருக்கும். அப்படியே விட்டால் முழங்கால் படக்கென்று நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். தொடையின் பின்தசைகள் விழித்து அதை இழுத்துப் பிடிக்கின்றன. வேகப்பந்து வீச்சாளர்கள் பாதி ஓவரில் பிடித்துக்கொண்டு உட்காருவார்களே, அந்த ஹாம்ஸ்ட்ரிங் தசைகள்தான்.

அடுத்தது பாதம். இதைக் கையால் தொட்டே பார்த்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு விரல்களை வையுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முன்பாதத்தைத் தூக்குங்கள். விரலுக்கடியில் ஒரு தசை கெட்டியாகப் புடைத்து வரும். இனி பாதத்தை மெல்ல, மிக மெல்ல, தரைக்கு இறக்குங்கள். பாதம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கெட்டி மட்டும் உள்ளங்கால் தரையில் படியும்வரை போகாது. ஒவ்வோர் அடியிலும் குதிகால் பட்டதிலிருந்து பாதம் முழுதும் படிவதற்குள், ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள், இந்த முன்கால் தசை அதைச் செய்து முடிக்கிறது. செய்யாவிட்டால் பாதம் தரையில் சப்பென்று அறையும். நடைப்பயிற்சியை உற்சாகமாகத் தொடங்கியவர்கள் வேகத்தைக் கூட்டியதும் முன்னெலும்பை ஒட்டி வலிக்கிறது என்பது பெரும்பாலும் இந்தத் தசையின் புகார்.

அதே பத்தில் ஒரு நொடிக்குள் முழங்கால் 15 முதல் 20 பாகை வரை மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மேலும் மடங்காமல் தொடையின் முன்தசை தடுக்கிறது. மலையிறங்கும்போது பெரிதாகச் செய்த அதே வேலை, இங்கே சிறிய அளவில். கால் நின்றுவிட்டது, ஆனால் மேலுடம்பு வந்த வேகத்தில் முன்னே போகப் பார்க்கிறது. இடுப்பில் மடிந்து குப்புறச் சாய்ந்துவிடாமல் பிட்டத்தின் பெருந்தசை பின்னாலிருந்து இழுக்கிறது. மூன்று மூட்டுகளில் மூன்று பிரேக், ஒரே சமயத்தில். வாகனம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒத்துப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று.

இதற்குப் பிறகு நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஊன்றிய காலின்மேல் உடம்பு ஏறி, அதைக் கடந்து முன்னே போகிறது. ஊன்றிய இடம் அடியில், பாரம் உச்சியில்; தலைகீழாக நிற்கும் ஊசல் இது. ஏறும்போது வேகம் கொஞ்சம் குறைந்து உயரமாகிறது, சரியும்போது அந்த உயரம் மறுபடி வேகமாகிறது. உடம்பின் எடைமையம் ஏறி இறங்கும் அளவு நாலைந்து சென்டிமீட்டர்தான். இத்தாலியரான ஜோவானி கவாக்னாவும் அவருடைய சகாக்களும் விசைமானி பொருத்திய தரையில் ஆட்களை நடக்கவிட்டு அளந்தபோது, நமக்கு இயல்பான வேகத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலால் மூன்றில் இரண்டு பங்கு வரை மிச்சமாவது தெரிந்தது. ரொம்ப மெதுவாக நடந்தாலும் விரைந்து நடந்தாலும் இந்தச் சேமிப்பு குறைகிறது. துணிக்கடையில் வீட்டாருக்குப் பின்னால் ஆமை நடை போடுகிறவருக்குக் கால் வலிப்பதில் நடிப்பு மட்டும் இல்லை.

ஒற்றைக் காலில் உடம்பின் முழுப் பாரமும் நிற்கும் இந்த நேரத்தில் தொடையின் முன்தசை வெகு மும்முரமாக இருக்கவேண்டும் என்றுதானே தோன்றும்? தசையின் மின்துடிப்பை அளக்கும் ஈ.எம்.ஜி. கருவியில் பார்த்தால் அது ஏறக்குறைய அடங்கிக் கிடக்கிறது. முழங்காலை அப்போது தாங்குவது யார் என்றால், முழங்காலையே தொடாத ஒரு தசை. கெண்டைக்காலில் வெளியே திரண்டு தெரியும் தசைக்கு உள்ளே, சோலியஸ் என்ற தட்டையான தசை ஒன்று இருக்கிறது. அது முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. ஊன்றிய பாதத்தின்மேல் காலின் கீழ்ப்பகுதி முன்னோக்கிச் சாயும்போது, இந்தத் தசை அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதி நிதானமாக வர, தொடை தன் வேகத்தில் முன்னே போக, நடுவிலிருக்கும் முழங்கால் தானாகவே நிமிர்கிறது. இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காத வகை என்பதால் நாள் முழுக்க இந்த வேலைக்கு அது ஈடுகொடுக்கும்.

போலியோ வந்து தொடையின் முன்தசை முழுதும் செயலிழந்தவர்கள் சமதரையில் நடக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்குச் சிக்கலான கட்டம், குதிகால் பட்டு முழங்கால் மடங்கப் பார்க்கும் அந்த முதல் கணம்தான். அதைச் சமாளிக்க மேலுடம்பைச் சற்று முன்னே சாய்ப்பார்கள், அல்லது தொடையில் கையை ஊன்றி முழங்காலைப் பின்னோக்கி அழுத்துவார்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியின் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். தொடையில் கையூன்றி நடக்கும் பெரியவர்களை இன்றும் பேருந்து நிலையங்களில் பார்க்கிறோம். கலிபோர்னியாவில் ரான்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெர்ரி என்ற எலும்பு அறுவை மருத்துவர், இத்தகைய நோயாளிகளின் நடையைப் பல பத்தாண்டுகள் கவனித்து எழுதியவைதான் இன்று பிசியோதெரபி மாணவர்களின் பாடம். எந்தத் தசை என்ன செய்கிறது என்பதை அது இல்லாதவரின் நடை சொல்வதுபோல வேறெதுவும் சொல்வதில்லை.

பக்கவாட்டிலும் ஒரு போராட்டம் நடக்கிறது. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் மருந்து தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எழுந்து நின்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே, இரண்டு பக்கவாட்டிலும் உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வலது காலில் நிற்கும்போது வலது உள்ளங்கைக்கு அடியில் தசை இறுகும். இடது காலுக்கு மாறியதும் இடது பக்கம் இறுகும், வலது தளரும். பிட்டத்தின் நடுத்தசை இது. ஒரு கால் தரையை விட்டதும் அந்தப் பக்கத்து இடுப்பு ஆதாரமில்லாமல் தொங்குகிறது. அது கீழே சரியாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது இந்தத் தசையின் பொறுப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் சிரமம் புரியும். 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, நிற்கும் கால் போக மீதி 50 கிலோ இடுப்பு மூட்டின்மேல் இருக்கிறது. அந்தப் பாரம் மூட்டுக்கு நேர்மேலே இல்லை. உடம்பின் நடுப்பக்கமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுத்தசை பிடித்திருப்பதோ மூட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில். தூரம் பாதி என்றால் விசை இரட்டிப்பாகவேண்டும்: 100 கிலோ. தசையின் இழுப்பும் உடம்பின் பாரமும் சேர்ந்து மூட்டில் இறங்குவது 150 கிலோ, அதாவது உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு. இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவி பொருத்தி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேக நடையில் பதிவு செய்தார்கள். 2001-ல் வெளியான அளவும் ஏறத்தாழ 2.4 மடங்கு.

இந்தத் தசை பலவீனமானால் எதிர்ப்பக்கத்து இடுப்பு அடிக்கு அடி கீழே விழும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரெண்டலன்பர்க் 1895-ல் இதை விவரித்ததால் மருத்துவர்களிடையே அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பலர் இதைத் தாங்களே ஒரு வழியில் சரிக்கட்டிக்கொள்வார்கள்: பலவீனமான பக்கத்துக் காலில் நிற்கும்போது உடம்பை அதே பக்கம் சாய்த்து, பாரத்தை மூட்டுக்கு நேர்மேலே கொண்டுவந்துவிடுவார்கள். அந்த 10 சென்டிமீட்டர் குறைய, தசையின் சுமையும் குறைகிறது. இரண்டு பக்கமும் பலவீனம் என்றால் மாறி மாறிச் சாய்ந்து நடப்பார்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்விக்கும் இதே கணக்கு விடை சொல்லும். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்கவேண்டும். வலது மூட்டிலிருந்து அந்தத் தடி அரை மீட்டர் தள்ளி நிற்கிறது; அந்த நீளத்தில் 5 கிலோ அழுத்தினாலே தசையின் வேலை ஏறத்தாழப் பாதியாகிவிடும், மூட்டின்மேல் பாரம் 150 கிலோவிலிருந்து 100-க்குக் கீழே இறங்கிவிடும். அதே தடியை வலியுள்ள பக்கத்துக் கையில் பிடித்தால் இந்த நெம்புகோல் லாபம் கைக்கு வராது. நம் தெருக்களில் வலிக்கிற பக்கத்திலேயே தடி ஊன்றுகிறவர்கள் நிறைய. வால்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1956-ல், கைத்தடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்பதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தடி பிடித்தால் வயதாகிவிட்டது என்று நினைப்பார்களே என்ற கூச்சம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

உந்தித் தள்ளும் வேலை என்று ஒன்று இல்லாமல் இல்லை. அது கெண்டைக்காலுடையது, ஆனால் அதையும் அந்தத் தசை பிடித்தே சாதிக்கிறது. 2001-ல் ஜப்பானிய ஆய்வாளர் தெத்சுவோ புக்குனாகாவும் சகாக்களும், நடந்துகொண்டிருப்பவர்களின் கெண்டைக்காலில் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். பாதம் ஊன்றியிருந்த நேரம் பெரும்பகுதியும் தசையிழைகளின் நீளம் அதிகம் மாறவே இல்லை. அவை விறைத்துப் பிடித்துக்கொண்டிருக்க, நீண்டது குதிகால் நாண். உடம்பு முன்னே சாயச் சாய அந்த நாண் இழுபட்டு ஆற்றலைச் சேர்க்கிறது. எதிர்க்கால் தரையைத் தொடும் தருவாயில் சட்டென்று சுருங்கிப் பாதத்தைத் தரையிலிருந்து உந்துகிறது. தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததை நாண் ஒரே மூச்சில் செலவழிக்கிறது. நேரமும் முக்கியம்: எதிர்க்கால் தரையில் மோதுவதற்குச் சற்று முன்னால் உந்தினால் அந்த மோதலில் வீணாகும் ஆற்றல் குறையும், மோதிய பிறகு உந்தினால் இழந்ததை ஈடுகட்டக் கூடுதல் உழைப்பு.

நகராமல் பிடித்துக்கொண்டு நின்றாலும் தசைக்கு எரிபொருள் செலவு உண்டு. 2015-ல் ஸ்டீவன் காலின்ஸ், புரூஸ் விக்கின், கிரெகரி சவிக்கி மூவரும் இந்தச் செலவைக் குறிவைத்தார்கள். மோட்டாரும் பேட்டரியும் இல்லாத ஒரு கருவி: காலுக்குப் பின்னால் குதிகால் நாணுக்கு இணையாக ஒரு ஸ்பிரிங், பாதம் ஊன்றும்போது மட்டும் அதைப் பூட்டும் ஒரு கொக்கி. அதை மாட்டிக்கொண்டு நடந்தவர்களின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. வெளியிலிருந்து ஆற்றல் எதுவும் உள்ளே போகவில்லை. தசை பிடிக்கவேண்டிய பிடியை ஸ்பிரிங் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தரையை விட்ட கால் தானாக முன்னே வருகிறதா, தசை கொண்டுவருகிறதா? இந்தச் சச்சரவுக்கு வயது ஏறக்குறைய இருநூறு. 1836-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வெபர், எட்வர்ட் வெபர் சகோதரர்கள், கால் கடிகார ஊசல்போல ஈர்ப்பினால் மட்டுமே ஆடி முன்னே வருகிறது என்று எழுதினார்கள். வில்ஹெல்ம் இயற்பியலாளர், காந்தப் பாயத்தின் அலகு அவர் பெயரில்தான் இருக்கிறது. பாரீசில் டுஷென் என்ற மருத்துவர், இடுப்பை மடக்கும் தசைகள் வாதத்தில் போன நோயாளிகளைக் காட்டி மறுத்தார்: ஊசல் தானாக ஆடும் என்றால் இவர்கள் ஏன் காலை முன்னே கொண்டுவரத் திணறுகிறார்கள்? 1891-ல் லைப்சிக் நகரில் பிரவுனேயும் பிஷரும் ஒரு படைவீரரின் உடலில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இரவில் நடக்கவிட்டுப் படமெடுத்தார்கள். அந்தக் கோடுகளை அளந்து கணக்கிட்டு முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பிரவுனே இடையிலேயே இறந்துபோக, பிஷர் தனியாக முடித்தார். வெறும் ஊசல் இல்லை என்பது உறுதியாயிற்று. ஆனாலும் வெபர்கள் முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. 1990-ல் கனடாவில் டாட் மெக்கியர் செய்த மோட்டார் இல்லாத கால் பொம்மை, லேசான சரிவில் விட்டால் மனித நடையில் இறங்கிப் போயிற்று. வீச்சைத் தொடங்கிவைக்க இடுப்பின் முன்தசை ஒரு இழுப்பு, முடித்துவைக்கப் பின்தொடைத் தசை ஒரு பிடி; நடுவில் பெரும்பகுதி ஊசல்தான்.

அந்த நடுப்பகுதியில் ஓய்வெடுக்க முடியாத ஒரே தசை, நாம் விரல் வைத்துப் பார்த்த முன்கால் தசை. பாதம் தரையைக் கடக்கும்போது அதற்கும் தரைக்கும் இடைவெளி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். பாதம் ஏறக்குறைய முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பதும் அப்போதுதான். பெயர்ந்த நடைபாதைக் கல் ஒன்று போதும். கைகளைப் பற்றிச் சுருக்கமாக: எதிர்க்காலோடு சேர்ந்து அவை ஆடுவது உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் சமன் செய்கிறது, கைகளை ஆட்டாமல் ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு 12 சதவீதம் ஆற்றல் கூடுதலாகச் செலவானது என்று 2009-ல் அளந்திருக்கிறார்கள்.

இத்தனை தசைகளுக்கும் முறை சொல்வது மூளை மட்டும் அல்ல. 1911-ல் தாமஸ் கிரகாம் பிரவுன், பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்து, கால்களிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் அறுத்த பிறகும், மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் மாறி மாறி இயங்குவதைக் கண்டார். தாளம் தண்டுவடத்திலேயே எழுதியிருக்கிறது. மனிதரில் அதன்மேல் மூளையின் பிடி பூனையைவிட அதிகம். நடை பழகும் குழந்தை எதிரெதிர்த் தசைகளை ஒன்றாக இறுக்கிக்கொண்டு விறைப்பாகத் தத்தும். ஒன்று பிடிக்கும்போது மற்றது விட்டுவிடலாம் என்ற நம்பிக்கை வந்து பெரியவர் நடையை எட்ட ஏழு வயதுபோல ஆகிவிடும். வழுக்கும் குளியலறைத் தரையில் நாம் எல்லோரும் கொஞ்ச நேரம் குழந்தைகளாகிவிடுவோம்.

ஒரு தசைக்கு அதன் முறையையே மாற்றிக் கற்பிக்க முடியுமா? இதற்கான விடை வேலூரிலும் செங்கல்பட்டிலும் தொழுநோயாளிகளுக்குச் செய்த அறுவைச் சிகிச்சையில் இருக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குக் கீழே, தோலுக்கு மிக அருகில், ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கெல்லாம் ஆணை போவது அது வழியாக. நெடுநேரம் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அது நசுங்கிக் கொஞ்ச காலம் பாதம் தொங்கிப்போவது உண்டு. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகளே பிடிக்கும் என்பதால், தோலை ஒட்டி ஓடும் இந்த நரம்பு அதற்கு வாகான இடம். நரம்பு போனால் பாதம் தொங்கும். நடக்கும்போது விரல்நுனி தரையில் இழுபடாமலிருக்க முழங்காலை உயரத் தூக்கி நடப்பார்கள். ஊன்றும்போது பாதம் சப்பென்று அறையும். நோய்க்குறி, கிருமி போனபிறகும் நடையில் தங்கிவிடும்.

1940-களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நாண் மாற்றுச் சிகிச்சையால் சீர்செய்யத் தொடங்கினார். பாதத்துக்கும் அதே வழி விரிந்தது. கெண்டைக்காலின் ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது. அதன் நாண் உட்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கிப் பாதத்தின் உள்வளைவைத் தாங்குகிறது. அதற்கான நரம்பும் தொழுநோயில் அடிபடக்கூடியதுதான், ஆனால் அடிபடுவது பெரும்பாலும் கணுக்கால் அருகே. தசைக்கு வரும் கிளை அதற்கு வெகு மேலேயே பிரிந்துவிடுவதால் தசை பிழைத்துக்கொள்கிறது. அந்த நாணைப் பற்றுமிடத்தில் அறுத்து, முன்பக்கம் கொண்டுவந்து தைத்தால் பாதத்தைத் தூக்கும். 1968-ல் செங்கல்பட்டில் எச். சீனிவாசனும் சகாக்களும் அந்த நாணை இரண்டு வால்களாகப் பிளந்து, ஒன்றைப் பெருவிரல் தூக்கும் நாணோடும் மற்றதை மீதி விரல்களின் நாண்களோடும் தைக்கும் முறையை விவரித்தார்கள்.

தையல் போடுவது சில மணி நேர வேலை. பிறகுதான் பாடம் தொடங்குகிறது. அந்தத் தசை பிறந்ததிலிருந்து பாதம் ஊன்றியிருக்கும்போது உழைத்து, காற்றில் இருக்கும்போது அடங்கி வந்தது. இப்போது நேர்மாறாகச் செய்யவேண்டும். மாவுக்கட்டு பிரித்ததும் பிசியோதெரபிஸ்ட் பாதத்தைத் தூக்கச் சொல்வதில்லை. உள்ளங்காலை உட்பக்கம் திருப்பச் சொல்கிறார், அதுதான் தசைக்குத் தெரிந்த பழைய வேலை. நோயாளி உட்பக்கம் திருப்ப நினைக்கிறார், பாதம் மேலே எழுகிறது. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, கடைசியாக நடந்து. நினைத்து நினைத்துச் செய்தது சிலருக்கு நினைக்காமலே வரத் தொடங்கும். பாதம் தரையை விடும் நேரத்தில் தசை தானாக விழித்துக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படி மாறுவதில்லை. மாறாதவர்களுக்கு நாண் பாதத்தைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டியதுபோல நின்றுவிடும், அதுவே விரல் இழுபடாமல் நடக்கப் பலருக்குப் போதும்.

பழைய வேலை காலியாகிறதே என்றால், விரல்களை மடக்கும் நீண்ட தசைகள் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. சிலருக்கு ஆண்டுகள் போனபின் உள்வளைவு சற்றுத் தட்டையாகும். உணர்ச்சியிழந்த பாதமாக இருந்தால் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து புண்ணாகும் ஆபத்தும் உண்டு. அதனால் மென்மையான நுண்துளை ரப்பரில், வளைவுக்கு அணை வைத்து, பாதத்தின் அளவெடுத்து எம்.சி.ஆர். செருப்பு செய்து தருவார்கள். அதை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்வார்கள்.